தகர டப்பாவில் வந்த பிராட்வே நாடகங்கள்

ஒரு நாடகக் கம்பெனி ஊர் விட்டு ஊர் போவது லேசான காரியம் அல்ல. நடிகர்கள், நடன மாதர்கள், வாத்தியக்காரர்கள், சமையல்காரர், திரைச்சீலைகள், மரத்தால் செய்த மாளிகைகள், உடுப்புப் பெட்டிகள்... அத்தனையும் ரெயில் ஏற வேண்டும்.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் நடந்தது. நியூயார்க் நகரத்தில் பிராட்வே என்ற வீதியை ஒட்டி நாடகக் கொட்டகைகள் இருக்கின்றன. அங்கே வெற்றி பெற்ற பாட்டு நாடகங்கள், பிறகு ரெயில் ஏறி ஊர் ஊராகப் போகும். பெரிய ஊர்களுக்குப் பெரிய கோஷ்டி போகும். சின்ன ஊர்களுக்குச் சின்ன கோஷ்டி போகும். குக்கிராமங்களுக்கு யாருமே போகமாட்டார்கள்.

1929–ம் ஆண்டில் இந்த நிலைமை மாறியது. அதே கதை, அதே பாட்டு, பல சமயங்களில் அதே நடிகர்... எல்லாம் சில தகர டப்பாக்களுக்குள் அடங்கின. ரெயில் பார்சலில் போட்டால் போதும், எந்த ஊருக்கும் பிராட்வே போய்ச் சேர்ந்துவிடும். அதுவும் கறுப்பு–வெள்ளையில் அல்ல. கலரில்!

ஹாலிவுட் கலர் படம் என்றதும் "கான் வித் தி விண்ட்" (1939) பலருக்கு நினைவு வரும். அதற்குப் பத்து ஆண்டு முன்பே, மேடையில் இருந்து எடுத்த கலர் சிரிப்புப் படங்கள் வரிசையாக வந்தன. அவற்றை நம்மில் அநேகர் கேள்விப்பட்டதுகூட இல்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் படங்களில் பல இன்று உலகத்தில் எங்குமே இல்லை.

இரண்டே வண்ணம்

டெக்னிகலர் கம்பெனி 1915–ல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஹெர்பர்ட் கால்மஸ் என்ற விஞ்ஞானி. அந்தக் கம்பெனி முதலில் பிடித்த படங்களில் இரண்டு வண்ணங்கள்தான் உண்டு. மூன்று வண்ண முறை 1932–ல்தான் வந்தது.

அந்தக் காமிராவில், லென்சுக்குப் பின்னால் ஒரு பட்டகக் கண்ணாடி இருக்கும். உள்ளே வரும் ஒளியை அது இரண்டாகப் பிரிக்கும். சிவப்புப் பங்கு ஒரு சட்டத்திலும், பச்சைப் பங்கு இன்னொரு சட்டத்திலும் ஒரே நேரத்தில் பதியும். அதனால் சாதாரணக் காமிராவைப் போல இரண்டு மடங்கு பிலிம் செலவாகும். பேசும் படத்துக்கு நிமிடத்துக்கு 90 அடி பிலிம் ஓடும். கலர் காமிராவில் 180 அடி ஓடியது.

பிரிண்டு போடுவது அதைவிடப் பெரிய பாடு. முதலில் இரண்டு மெல்லிய பிலிம்களை முதுகோடு முதுகு ஒட்டினார்கள். டக்ளஸ் பேர்பாங்ஸ் நடித்த "தி பிளாக் பைரேட்" (1926) அப்படி வந்த படம்தான். கொட்டகை விளக்கின் சூட்டில் அந்த பிலிம் அப்பளம் போல வளைந்துவிடும், திரையில் படம் மங்கிவிடும். 1928–ல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். துணிக்கு அச்சுப் போடுவதுபோல, ஒரே பிலிமில் இரண்டு சாயங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினார்கள். ஒன்று செம்மஞ்சள் கலந்த சிவப்பு. மற்றது நீலம் கலந்த பச்சை. இந்த முறை வந்த பிறகுதான் நூற்றுக்கணக்கில் பிரிண்டு போட முடிந்தது.

இரண்டு சாயத்தை வைத்துக்கொண்டு எல்லா நிறத்தையும் காட்ட முடியாது. மனித முகம் நன்றாக வரும். செம்பட்டைத் தலைமுடி, புல்வெளி, செங்கல் சுவர் நன்றாக வரும். ஆனால் சுத்தமான நீலம் வராது. மஞ்சளும் ஊதாவும் சரியாக வராது. வானம் பச்சை கலந்து தெரியும்.

"கிங் ஆப் ஜாஸ்" (1930) படத்தில் ஒரு பெரிய இசைக்காட்சி. அந்த இசையின் பெயரிலேயே "நீலம்" இருக்கிறது. நீலம் வராத பிலிமில் நீலத்தை எப்படிக் காட்டுவது? கலை டைரக்டர் ஹெர்மன் ரோஸ் செட்டுக்கு வெள்ளி, சாம்பல் நிறங்களைக் கொடுத்தார். பச்சை–நீல ஒளி அதில் பட்டபோது, பார்ப்பவர் கண்ணுக்கு ஏறக்குறைய நீலமாகவே பட்டது. அந்தப் படத்துக்காக அவருக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

இவ்வளவுக்கும் ஏராளமான வெளிச்சம் வேண்டும். செட்டுக்குள் விளக்குகளின் சூடு தாங்காது. கனத்த ஜரிகை உடுப்பும் முகப் பூச்சுமாக நடன மாதர்கள் அந்தச் சூட்டில்தான் சிரித்துக்கொண்டே ஆடினார்கள்.

ஏன் நாடகம்?

1927 அக்டோபரில் "தி ஜாஸ் சிங்கர்" வந்தது. படம் பேசியது, அதைவிட முக்கியமாகப் பாடியது. ஜனங்கள் பாட்டுக் கேட்டார்கள். ஹாலிவுட்டிடம் போதிய பாட்டு இல்லை. பிராட்வேயில் கொட்டிக் கிடந்தது. பட முதலாளிகள் மேடை நாடகங்களின் உரிமையை வாங்கத் தொடங்கினார்கள். வார்னர் கம்பெனி 1929–ல் பாட்டுப் புத்தகம் போடும் கம்பெனிகளையே விலைக்கு வாங்கிவிட்டது.

அவர்களுக்கு வேறு லாபமும் இருந்தது. மேடையில் நூற்றுக்கணக்கான இரவுகள் ஓடிய நாடகத்தில், எந்த இடத்தில் ஜனங்கள் சிரிப்பார்கள் என்று முன்பே தெரியும். புதிதாக யோசிக்க வேண்டியது இல்லை. மேலும் அப்போதைய பேசும் படக் காமிரா, தன் இரைச்சல் கேட்காமல் இருக்க ஒரு கூண்டுக்குள் அடைபட்டுக் கிடந்தது. நகராத காமிராவுக்கு நாடக மேடையே ஏற்ற இடம். காட்சி அசையாமல் நின்றாலும், கலர் கண்ணைக் கட்டிப்போட்டது.

1929 மே மாதம் வார்னர் கம்பெனியின் "ஆன் வித் தி ஷோ" வந்தது. முழுவதும் பேச்சு, முழுவதும் கலர் என்று வந்த முதல் படம் இதுதான். மேடை ஏறாமல் கிடந்த ஒரு நாடகத்தை வைத்து எடுத்த கதை. ஆகஸ்டில் "கோல்டு டிக்கர்ஸ் ஆப் பிராட்வே" வந்தது. பணக்காரர்களை வளைத்துப் போடும் நடன மாதர்களைப் பற்றி ஏவரி ஹாப்வுட் 1919–ல் எழுதிய நாடகம் அது. வசூலில் சக்கைப்போடு போட்டது. அடுத்து "ரியோ ரீட்டா" வந்தது. 1927–ல் மேடை ஏறிய அந்த நாடகத்தின் சிரிப்பு ஜோடியான வீலர், உல்சி இருவரும் படத்திலும் நடித்தார்கள். கடைசிப் பகுதி மட்டும் கலர்.

இந்தப் படங்கள் பலவற்றில் ஒலி பிலிமில் கிடையாது, இசைத்தட்டில் இருக்கும். 16 அங்குல அகலத் தட்டு, ஒரு ரீலுக்கு ஒன்று. ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும். ஒரு தட்டை இருபது தடவைக்கு மேல் போடக்கூடாது, தேய்ந்துவிடும். ஊசி தாவிவிட்டால் கதாநாயகி வாயசைக்க, கதாநாயகன் குரல் வரும். அழுகைக் காட்சியிலும் கொட்டகை சிரிக்கும்!

ஓட்டல் பெண் சாலி

பிராட்வேயின் பெரிய நாடக முதலாளி பிளாரன்ஸ் ஜீக்பெல்டு. பெண் பெயர் போல இருந்தாலும் ஆண்தான். அவர் 1920 டிசம்பரில் மேடை ஏற்றிய "சாலி" என்ற நாடகம் 570 காட்சிகள் நடந்தது. ஓட்டலில் எடுபிடி வேலை செய்யும் அனாதைப் பெண் ஒருத்தி பெரிய நடனக்காரி ஆகும் கதை. ஜெரோம் கெர்ன் இசை அமைத்தார். சாலியாக ஆடியவர் மரிலின் மில்லர்.

1929–ல் வார்னர் கம்பெனியார் மரிலின் மில்லரையே வரவழைத்து அதைக் கலர் படமாக எடுத்தார்கள். ஓட்டலில் பரிமாறும் நாடு கடத்தப்பட்ட பிரபுவாக ஜோ இ. பிரவுன் நடித்தார். பிற்காலத்தில் "சம் லைக் இட் ஹாட்" (1959) படத்தில் வயதான கோடீசுவரராக வந்து சிரிக்க வைத்தவர் அவர்தான்.

மரிலின் மில்லர் மொத்தம் மூன்றே படங்களில் நடித்தார். 1936–ல், 37 வயதில் இறந்துபோனார். நியூயார்க்கே கொண்டாடிய ஒரு ஆட்டக்காரி எப்படி ஆடினார் என்பதற்கு அந்த மூன்று படங்கள்தான் சாட்சி. அதில் கலரில் எடுத்தது "சாலி" ஒன்றுதான்.

இல்லாத நோய்

சிரிப்பு நடிகர் எடி கேன்டரின் பெயர் சொல்லும் படம் "வூப்பி" (1930). இதன் வேர், ஓவன் டேவிஸ் 1923–ல் எழுதிய ஒரு நாடகம். ஜீக்பெல்டு அதைப் பாட்டு நாடகமாக்கி 1928 டிசம்பரில் மேடை ஏற்றினார். அடுத்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் பங்கு மார்க்கெட் விழுந்தது. ஜீக்பெல்டின் பணமும் அதில் போயிற்று. பட முதலாளி சாமுவேல் கோல்ட்வின்னோடு சேர்ந்து நாடகத்தைப் படமாக்க அவர் சம்மதித்தார்.

கேன்டருக்கு இதில் நோயாளி வேடம். உடம்பில் ஒரு நோயும் கிடையாது. ஆனால் எல்லா நோயும் இருப்பதாக நினைப்பு. மாத்திரைகளோடு மேற்குப் பகுதிப் பண்ணை ஒன்றுக்கு ஓய்வெடுக்க வருகிறார். பிடிக்காத கல்யாணத்துக்குத் தப்பி ஓடும் பெண் ஒருத்தி அவரைக் காரோட்டச் சொல்லிவிட்டு, அவரோடு ஓடிப்போவதாகக் கடிதமும் எழுதி வைத்துவிடுகிறாள். அப்புறம் ஊரே துரத்துகிறது!

நாடக நடனங்களை அமைத்து வந்த பஸ்பி பெர்க்லி இந்தப் படத்தில்தான் ஹாலிவுட்டுக்கு வந்தார். காமிராவைக் கூரைக்குத் தூக்கி, கீழே ஆடும் பெண்கள் பூப்போல விரிந்து சுருங்குவதைப் படம் பிடித்தார். மேடைக்கு எதிரே உட்கார்ந்து டிக்கெட் வாங்கிப் பார்த்த யாரும் பார்க்க முடியாத காட்சி அது. நாடகத்தைப் பிரதி எடுக்க வந்த காமிரா, இந்த இடத்தில் நாடகத்தை மிஞ்சியது. தொடக்க நடனத்தில் முன்னால் நின்று ஆடும் சிறுமி பெட்டி கிரேபிள். அப்போது வயது 13.

மைப் பூச்சு

இந்தப் படங்களைப் பாராட்டும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "வூப்பி"யில் கேன்டர் ஓரிடத்தில் முகத்தில் கரி பூசி நீக்ரோ வேடத்தில் பாடுகிறார். கறுப்பர்களைக் கேலிப் பொருளாக்கிய அந்த வழக்கம் அப்போதைய மேடையில் சகஜம். கதையின் முடிவு இன்னும் மோசம். அந்தப் பெண் காதலிப்பவன் செவ்விந்திய ரத்தம் உள்ளவன் என்பதுதான் கல்யாணத்துக்குத் தடை. கடைசியில் தடை எப்படி நீங்குகிறது? அவன் உண்மையில் வெள்ளைக்காரன் என்று தெரிகிறது! சுபம்.

"ஆன் வித் தி ஷோ"வில் எதல் வாட்டர்ஸ் என்ற கறுப்பினப் பாடகி பாடுகிறார். படத்திலேயே சிறந்த பாட்டு அவருடையதுதான். ஆனால் கதையில் அவருக்கு இடம் இல்லை. வருவார், பாடுவார், போவார். பிழைப்புக்காக வேற்றூர் போய், அங்கே பேச்சையும் நிறத்தையும் வைத்துக் கேலி கேட்டவர்களுக்கு இந்தக் காட்சிகள் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவை இல்லை.

யார் யாரைப் பார்த்து?

"பாலோ துரூ" (1930) பாரமவுண்ட் கம்பெனியின் முழுக் கலர் படம். கோல்ப் ஆட்டக்காரப் பெண்ணைப் பற்றிய நாடகம் அது. பச்சைப் புல்வெளியும் சிவந்த முகங்களும்தான் கதை முழுக்க. இரண்டு வண்ணப் பிலிமுக்கு இதைவிடப் பொருத்தமான கதை வேண்டாம். மேடையில் சிரிப்பு வேடம் போட்ட ஜாக் ஹேலி படத்திலும் நடித்தார்.

"ஹோல்டு எவ்ரிதிங்" (1930) விஷயம் வேறு. குத்துச்சண்டை பற்றிய இந்த நாடகம் மேடையில் ஓடியதற்குப் பெர்ட் லார் என்ற நகைச்சுவை நடிகர் ஒரு முக்கிய காரணம். படத்தில் அந்த வாய்ப்பு ஜோ இ. பிரவுனுக்குப் போனது. படத்தைப் பார்த்த லார் கொதித்துப்போனார். தன் சேஷ்டைகளையும் பேச்சையும் பிரவுன் அப்படியே எடுத்துக்கொண்டதாக "வெரைட்டி" பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்.

இது வெறும் வாய்ச்சண்டை அல்ல, வயிற்றுப் பிழைப்பு. மேடை நடிகனுக்கு அவனுடைய சேஷ்டைதான் சொத்து. அதைக் கொண்டு அவன் ஆண்டுக் கணக்கில் ஊர் ஊராகப் போய்ச் சம்பாதிப்பான். தகர டப்பா அவனுக்கு முன்னால் போய்விட்டால், பிறகு நேரில் வரும் அசல் ஆளைப் பார்த்து, "இவன் படத்தைக் காப்பி அடிக்கிறான்" என்று ஜனங்கள் சொல்வார்கள்.

லாருக்கும் ஹேலிக்கும் பிறகு நல்ல காலம் வந்தது. "தி விசார்டு ஆப் ஓஸ்" (1939) படத்தில் லார் கோழைச் சிங்கம், ஹேலி தகர மனிதன். ஆனால் கொட்டகைகளில் வாத்தியம் வாசித்துப் பிழைத்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு அப்படி ஒரு காலம் வரவில்லை. இசைத்தட்டு வந்தது, அவர்கள் வேலை போனது. அவர்களுடைய சங்கம் டப்பா இசை வேண்டாம் என்று பத்திரிகைகளில் விளம்பரம் செய்து பார்த்தது. பலன் இல்லை.

பாட்டு வேண்டாம்!

எதற்கும் அளவு உண்டு. எல்லாக் கம்பெனிகளும் பாட்டுப் படமாகவே எடுத்துத் தள்ளியதால், 1930–ன் பிற்பகுதியில் ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. வேலை இல்லாத் திண்டாட்டமும் சேர்ந்தது. "இது பாட்டுப் படம் அல்ல" என்று விளம்பரம் செய்யும் அளவுக்கு வந்தது. அவசர அவசரமாகப் போட்ட கலர் பிரிண்டுகள் தரம் குறைந்து, கலர் என்றாலே கண் வலி என்ற பேச்சும் கிளம்பியது.

இந்தச் சமயத்தில் மாட்டிக்கொண்ட படம் "பிப்டி மில்லியன் பிரெஞ்ச்மென்" (1931). கோல் போர்ட்டர் இசை அமைத்த மேடை நாடகம். அதன் பெருமையே பாட்டுதான். பாட்டுகளை வெட்டி எறிந்துவிட்டு, அந்த மெட்டுகளைப் பின்னணியில் மட்டும் ஓடவிட்டார்கள். குழம்பு இல்லாமல் சோறு போட்ட கதை!

கெடு முடிந்த கணக்கு

அலுவலகத்தில் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ரெயில்வே குமாஸ்தாவான எனக்கும் பழக்கமான விஷயம்தான். பழைய பதிவேடுகள் அலமாரியை அடைத்துக்கொண்டு கிடக்கும். இத்தனை ஆண்டு வைத்திருந்தால் போதும் என்று விதி இருக்கும். கெடு முடிந்ததும் கழித்துவிடுவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வது இல்லை. இடம் வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கலர் படங்களும் அப்படித்தான் போயின. இரண்டு வண்ண முறை காலாவதி ஆனது. தட்டில் ஒலி என்ற முறையும் காலாவதி ஆனது. அந்தக் கால பிலிம் சுலபமாகத் தீப்பிடிக்கும், வைத்திருப்பதே ஆபத்து. அதே நாடகத்தைப் புதிதாகப் படம் எடுத்த பிறகு பழையது யாருக்கு வேண்டும்? நெகடிவ்கள் குப்பைக்குப் போயின.

"ஹோல்டு எவ்ரிதிங்" இல்லை. 1925–ன் மிகப் பெரிய மேடை வெற்றிகளில் ஒன்றான "நோ நோ நானெட்" நாடகத்தின் 1930–ம் ஆண்டுப் படமும் இல்லை. "கோல்டு டிக்கர்ஸ்" படத்தின் இசைத்தட்டுகள் தப்பின. படத்தில் முடிவுப் பகுதியும் சில துண்டுகளும்தான் கிடைத்தன. "ஆன் வித் தி ஷோ"வும் "பிரெஞ்ச்மென்"னும் முழுப் படமாகக் கறுப்பு–வெள்ளைப் பிரதிகளில் மட்டும் மிஞ்சின. கலருக்காகவே எடுத்த படங்களில் கலர் போய்விட்டது!

"வூப்பி"யும் "பாலோ துரூ"வும் முழுக் கலரில் தப்பியவை. "ரியோ ரீட்டா"வின் கலர் பகுதியும் இருக்கிறது. "கிங் ஆப் ஜாஸ்" 2016–ல் சீர் செய்யப்பட்டது.

நாடகம் என்பது அன்றன்று இரவோடு போய்விடும் கலை. திரை விழுந்தால் முடிந்தது. படம் வந்தபோது, இனி அந்த ஆட்டமும் சிரிப்பும் அழியாது என்று எல்லோரும் நம்பினார்கள். ஆனால் பிலிமும் பாதுகாத்தால்தான் நிற்கும். எதைப் பாதுகாப்பது என்பதை அன்றைய லாபம் பார்த்து முடிவு செய்தால், நாளைக்கு எதுவும் மிஞ்சாது. அமெரிக்காவில் 1991–ல் பழைய இசைத்தட்டு ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து "வைட்டபோன் புராஜெக்ட்" என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வீடுகளிலும் கிடங்குகளிலும் கிடக்கும் தட்டுகளைத் தேடி, மிஞ்சிய பிலிமோடு ஜோடி சேர்ப்பதுதான் அவர்கள் வேலை. படக் கம்பெனிகள் தூக்கி எறிந்ததைத் தனி மனிதர்கள் பொறுக்கிச் சேர்க்கிறார்கள்.

1929–ல் வெளியான அமெரிக்கப் படங்கள் அந்த நாட்டுச் சட்டப்படி 2025 ஜனவரி 1 முதல் பொதுச் சொத்து ஆகிவிட்டன. "சாலி"யும் அதில் ஒன்று. பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். படம் கறுப்பு–வெள்ளையில்தான் ஓடும். நடுவில், மரிலின் மில்லர் ஆடும் ஒரு காட்சியில் மட்டும் திடீரென்று கலர் வரும். பிற்காலத்தில் அகப்பட்ட துண்டு அது. ரோஜா நிற முகம், பொன் நிறத் தலைமுடி, பின்னால் பச்சைச் செடிகள். சில நிமிடங்களில் துண்டு தீர்ந்துவிடும். படம் மறுபடி கறுப்பு–வெள்ளைக்குப் போய்விடும்.